பாக்கியம் ரீச்சரின் அளவு

அன்று காலை முதல் வேலையாக, முந்தின நாள் வாங்கிவைத்திருந்த பாரை மீனின் தலையை வெட்டினேன். செவுளுக்குள் விரல் இருக்கும்போதே போன் அடித்தது. இரத்தம் பட்ட விரலுக்குத் திரை அசையவில்லை. மூன்றாம் தடவை சட்டையில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"அக்கா, ரீச்சர் போயிட்டா" என்றான் பாலன், ரீச்சரின் வகுப்பில் என்னோடு படித்தவன். "கடைசியாவும் எனக்கு ஏசிப்போட்டுத்தான் போனவ. தலையணை வைக்கத் தெரியாத எருமையாம்."

இருவரும் சிரித்தோம். பிறகு அவன் அழுதான்.

செத்த வீட்டில் என் பின்னால் நின்ற ஒருவர் மெல்லச் சொன்னார்: "கடைசியில ரீச்சரே அளவு தவறிட்டா." நான் திரும்பவில்லை. அந்த ஒரு வசனத்துக்குப் பதிலாகத்தான் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

உங்களில் பலர் அந்தப் படிகளில் ஏறியவர்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில், இரும்புக்கடைக்கு மேல்மாடி. பலகையில் 'சோதிட வகுப்பு' என்றிருந்தது. உள்ளே படிப்பித்தது மாந்திரீகம். சனிக்கிழமை எட்டரைக்கு இடாப்பை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பிந்தினால் பிரம்பு, வயது வித்தியாசமில்லாமல். ஐம்பது வயதுப் பூசகர் ஒருவர்கூடக் கை நீட்டி வாங்கியிருக்கிறார். அடித்த கைக்கு ரீச்சரே தேங்காய் எண்ணெய் பூசுவார், ஏசுவதை நிறுத்தாமல்.

நான் அங்கே படிக்கப் போனவள் அல்ல. முப்பத்துநான்கு வயதில், கணவர் உதைத்து உடைத்த இரண்டு விலா எலும்புகளோடு, அவரைக் கொல்லும்படி கேட்கப் போனேன். ரீச்சர் காரணம் கேட்கவில்லை. பின்பக்கம் கூட்டிப்போய், என் பிடரியைப் பிடித்து, வாளித் தண்ணீருக்குள் முகத்தை அமுக்கினார். உதறினேன். அவருடைய முழங்கையைப் பிறாண்டினேன். விடவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் என்றானபோது தூக்கினார்.

"இது பாதிதான். மீதிய அந்தாளு குடிக்கணும். செய்யட்டுமா?"

"வேண்டாம் ரீச்சர்."

"அப்ப அவன விட்டுட்டு வா. சட்டைய மாத்து, நனைஞ்சிருக்கு. சாப்பிட்டியா?"

அன்றே வீட்டை விட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை இடாப்பில் என் பெயர் இருந்தது.

இதைத்தான் அவர் 'அளவு பார்ப்பது' என்றார். எதிரிக்கு என்ன நோவு வேண்டுமென்று ஒருவர் கேட்கிறாரோ, அதில் ஒரு பங்கைத் தன் உடம்பில் முதலில் வாங்க வேண்டும். கேட்டவர் வாங்கியதற்கு மேல் ஏவல் போகாது. அளவு பார்க்காமல் அனுப்பினால் அது எங்கே நிற்கும் என்று ரீச்சருக்கே தெரியாது.

பக்கத்துக் கடைக்காரனின் கை ஒடிய வேண்டுமென்று ஒரு தேங்காய் வியாபாரி வந்தார். ரீச்சர் அவருடைய சுண்டுவிரலைப் பலகையில் வைத்து உலக்கையை ஒரு தரம் போட்டார்.

"ஐயோ! ஒரு விரலுக்கே இப்பிடியா?"

"இன்னும் நாலு இருக்கே. குடு."

"வேணாம் ரீச்சர், அவன் கடைய மூடினாக் காணும்."

"அதுக்கு எதுக்குய்யா மந்திரம்? அழுகுன காய விக்காம இரு."

நசுங்கிய விரலுக்குக் கட்டுப்போட அவரே ஆளைக் கூட்டிப் போனார்.

நான் சேர்ந்து பத்து வருடங்களுக்குப் பிறகு, தெமட்டகொடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ரீச்சர் அட்டனுக்குப் போயிருந்தார். முதுகைக் காட்டினாள்: சூடான அயன் பெட்டியின் அச்சு, கூர் நுனி உட்பட.

"ஒரு மாசம் அவர் எழும்பாமக் கிடந்தாப் போதும் அக்கா. நான் பிள்ளையோட அம்மா வீட்ட போயிருவன்."

அவளுடைய முழங்காலுக்கு நேரே உலக்கையைத் தூக்கினேன். கண்ணை மூடி, தோளைக் குறுக்கி, சத்தம் வராமல் பல்லைக் கடித்தபடி காத்திருந்தாள். நானும் அப்படித்தான் காத்திருப்பேன், என் கணவரின் வீட்டில். உலக்கையைக் கீழே வைத்தேன். இவள் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன். தகட்டில் அவள் கணவரின் பெயரைக் கீறி ஆணி அடித்தேன்.

பன்னிரண்டாம் நாள் அந்த மனிதர் ஓடும் ரயிலில் ஏறப்போய் விழுந்தார். சக்கரம் இரண்டு கால்களையும் தொடையோடு எடுத்தது. அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. இன்றும் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறாள்.

பயத்தில் அவள் கணவரின் தம்பியிடம் எங்கள் வகுப்புக்கு வந்ததைச் சொல்லிவிட்டாள், என் பெயரை மட்டும் சொல்லாமல். சனிக்கிழமை, இடாப்பு கூப்பிடும் நேரத்தில், அவர் இரும்புக் குழாயோடு மாடி ஏறினார்.

"அண்ணனுக்குச் செஞ்சது யாரு? சொல்லுங்கடி!"

நான் பாதி எழும்பினேன். ரீச்சர் என் தோளை அமுக்கி இருத்தினார்.

"நான்தான்" என்றார்.

முதல் அடியை வலக்கையில் வாங்கினார். எலும்பு முறிந்த சத்தம் பின்வரிசைக்கும் கேட்டது. இரண்டாவது தலையில். இடாப்பு நனைந்து ஒட்டிக்கொண்டது. பாலன் பாய்ந்து அந்த மனிதரின் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினான். இல்லாவிட்டால் மூன்றாவதும் விழுந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரரிடம், படியில் விழுந்ததாக ரீச்சர் சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரர் போனதும் இடக்கையால் என் கன்னத்தில் அறைந்தார்.

"எரக்கப்பட்டுத்தானே செஞ்ச? கோவத்துல செய்றவளுக்குக் கூட ஒரு எடத்துல கை ஓயும். எரக்கத்துல செய்றவளுக்கு ஓயாது." பிறகு, "போ, புள்ளைங்களுக்கு வகுப்பு எடு" என்றார்.

அந்தத் தலை அடியோடு பதினொரு மாதம் இருந்தார். அதுதான் கொன்றது. அந்தப் பதினொரு மாதமும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொல்லச் சொல்லவுமில்லை. ரீச்சர் ஒரு நாளும் அளவு தவறியவர் அல்ல, தவறியவள் நான்.

அவருடைய ஏடுகளை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கன்னத்தில் விழுந்த அந்த அறை போதும். இன்னும் சில நேரம் காது இரைகிறது. இரையும்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, ஒரு தரம் யோசிக்கிறேன்.

இனி எழுதுவதை யாரிடமும் சொல்லவில்லை. இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தம்பியும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து தெமட்டகொடைக்குப் போவேன். கட்டிலில் கிடக்கும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, ஆணி அடித்தது நான் என்று சொல்வேன். தம்பி குழாயை எடுத்தால் கையை உயர்த்த மாட்டேன். பாலன், தேடி வராதே. சனிக்கிழமை எட்டரைக்கு நான் வகுப்பில் இல்லாவிட்டால் இடாப்பை நீ கூப்பிடு.