ஈஸ்வர் எழுதிய சரிபார்ப்பு

ஈஸ்வரை நான் ஒரு நாளும் களைப்பில்லாமல் பார்த்ததில்லை. சின்னாளபட்டியிலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்ப்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. பெங்களூரில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் இங்கேயே வந்துவிட்டார். செருப்புக்கடை மாடியில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். போன் எடுத்து வசவு வாங்குகிறவள் நான்.

ஒரு கண் மருத்துவமனைக்காகச் செய்த வேலை அது. ஊர்களில் இருக்கும் சேவை மையங்களில் குடும்ப விவரங்களைப் பதிவார்கள். ஈஸ்வரின் புரோகிராம் அதைச் சரிபார்க்கும். தேறினால், அந்தக் குடும்பத்தில் பேர் இருக்கிறவர்களுக்கு இலவசக் கண் ஆபரேஷன்.

ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற பாணியில் எழுதுவதென்றால் அவருக்கு உயிர். "மாவு மில்லு மாதிரி கீர்த்தனா. இந்தப் பக்கம் அரிசி போட்டா அந்தப் பக்கம் மாவு. முன்னாடி எவன் என்ன அரைச்சான்னு மில்லுக்குத் தெரிய வேண்டியதில்ல" என்பார். மிளகாய் அரைத்த மில்லில் அரிசியைப் போட்டுப் பாருங்கள் என்றேன். சிரிக்கவில்லை.

சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்திருந்தார். ஒன்றில் தப்பு வந்தால் அதை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும், அடுத்ததைப் பார்க்கவே பார்க்காது. எழுதினவருக்கு அது அழகு. போனில் பதில் சொல்கிற எனக்குத் தலைவலி.

ஆயக்குடி சேவை மையத்தை நடத்துகிற காதர் பீவி ஒரு நாள் பொரிந்து தள்ளிவிட்டார். நான் கடுப்பில் ஸ்பீக்கரைப் போட்டு ஈஸ்வர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"ஏனுங்க, போன வாட்டி போன் நம்பர் தப்புன்னுச்சு, திருத்துனோம். இன்னிக்குப் பின்கோடு தப்புங்குது. இதை அன்னிக்கே சொல்லக்கூடாதுங்களா? பொன்னழகுன்னு ஒருத்தருங்க. கொய்யாத் தோப்பு வேலைய விட்டுட்டு அப்பாவக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு அலையறாரு. அந்தப் பெரியவருக்கு எதுக்க நிக்கறது யாருன்னே தெரியலீங்க. இந்த வாரத்தோட ஆஸ்பத்திரில லிஸ்ட்ட முடிக்கறாங்களாமா."

ஈஸ்வர் அந்தப் புரோகிராமைப் பிரித்துப் போட்டு மறுபடி எழுத உட்கார்ந்தார். "ஒண்ண நம்பி ஒண்ணு இருக்கிற சோதனைய மட்டும் வரிசையில விடணும். மத்தது தனித்தனியா ஓடட்டும். தப்பு அம்புட்டையும் ஒரே பையில சேத்துக் கையில குடுத்துரலாம்" என்றார். சொல்ல லேசு. கண் சிவந்து, தாடி வளர்ந்து, பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

புது புரோகிராம் பொன்னழகு வீட்டு விவரத்தை வாங்கி எல்லாத் தப்பையும் ஒன்றாகக் கொட்டியது. பின்கோடு தவறு. மனைவியின் பிறந்த ஆண்டு இல்லை. ஒரே நபர் இருமுறை பதிவாகியுள்ளார்.

அன்றைக்கே பொன்னழகு ஆயக்குடி மையத்துக்குப் போய் மொத்தத்தையும் சரிசெய்துவிட்டார். திரையில் பச்சையாக 'தவறு எதுவும் இல்லை' என்று வந்தது. ஈஸ்வர் எனக்கு டீ வாங்கித் தந்தார். "ஒரே நடையில முடிச்சுட்டாரு, பாத்தியா?" என்றார். அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மனசார சந்தோஷப்பட்டேன். பட்டியலும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் பொன்னழகே கூப்பிட்டார். "ரொம்பப் புண்ணியமுங்க. அப்பாவ என்னிக்குக் கூட்டிட்டு வரட்டுமுங்க?"

பட்டியலைத் திறந்து பார்த்தேன். மலைச்சாமி, வயது பதினொன்று.

"உங்க அப்பா பேரு என்னங்க?"

"மலைச்சாமிங்க. எம்பையனும் மலைச்சாமிதானுங்க, தாத்தன் பேரத்தான வெப்போம்? ஒரே ஆளு ரெண்டு தடவ இருக்குதுன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுச்சு. பேரு ஒண்ணுதான, ரெண்டு பேருக்கும் அது ஒண்ணே போதும்போலன்னு ஒண்ண எடுக்கச் சொல்லிட்டனுங்க."

கூட்ட நேரம், காதர் பீவியும் எடுத்துவிட்டிருக்கிறார். ஒரே வீட்டில் ஒரே பேர் இரண்டு தடவை வந்தால் ஒரே ஆள்தான் என்று விதி வைத்தது ஈஸ்வர். அவருடைய முழுப்பேர் ஈஸ்வரமூர்த்தி, அவர் தாத்தாவின் பேர். தாத்தா இவர் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அதனால் அந்த வீட்டில் இரண்டு ஈஸ்வரமூர்த்தி ஒன்றாக இருந்ததே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பச்சை எழுத்தைப் பிறாண்டி எடுத்திருப்பேன். இருக்கிற விவரத்தில் தப்பு கண்டுபிடிக்கலாம். இல்லாமல் போன மனிதரை எந்தச் சோதனை கண்டுபிடிக்கும்? மருத்துவமனையை இன்னொரு போனில் பிடித்துக் கெஞ்சினேன். பட்டியல் முடிந்தது முடிந்ததுதான், அடுத்த முகாமில் பார்க்கலாம் என்றார்கள். அது எப்போது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

போனைத் தொடவே தொடாத ஈஸ்வர், பொன்னழகு காத்துக்கொண்டிருந்த போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"புரோகிராம் எழுதுனவன் பேசுறேங்க. உங்க அப்பா பேரு லிஸ்ட்ல விட்டுப்போச்சு. இந்தத் தடவ ஆபரேஷன் பண்ண முடியாதுங்க. தப்பு எங்களோடதுங்க, உங்க மேல ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கமிருந்து பொன்னழகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சரிங்க. இப்ப நாங்க எதைங்க திருத்தோணும்?"