உப்புப் பூத்த குடை

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லக்கூடாது. என் தாய்மாமாவுக்கு அந்த ஞானம் கடைசிவரை வரவில்லை. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தராசில் படு சுத்தம், பேச்சில் கொஞ்சம் தாராளம். அவர் சொன்னதிலேயே பெரிய பொய்யை எங்கள் வீட்டில் வந்துதான் சொன்னார். அந்தப் பொய் பலிக்க வேண்டுமே என்று அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், வானம் பார்த்த கரிசல் பூமி. எங்கள் பக்கத்தில் மழைக்குக் காத்திருந்து விதைப்பதில்லை. மழை பெய்துவிட்டால் கரிசலில் கால் வைக்க முடியாது, முழங்கால்வரை இழுத்துக்கொள்ளும். அதனால் புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் குதிரைவாலியைத் தூவி, உழுது மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். அடுத்த மழை வரும்வரை எறும்புக்கும் புறாவுக்கும் தப்பிக் கிடந்தால் அது விதை. இல்லாவிட்டால் தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முந்தின வருஷம் ஒரே ஒரு மழை பெய்தது. விதையையெல்லாம் முளைக்க வைத்துவிட்டு, அப்புறம் எட்டியே பார்க்கவில்லை. பச்சை பிடித்ததெல்லாம் நாங்கள் பார்க்கப் பார்க்கக் கருகியது. உழவு மாடுகளும் கைவிட்டுப் போயின. அப்பா முதலில் பேச்சைக் குறைத்தார், பிறகு பேசவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். சோறு வைத்தால் சாப்பிடுவார், பாதியில் கையைக் கழுவிவிடுவார்.

"பள்ளிக்கூடம் விட்டதும் நேரா வந்து அப்பாகிட்ட உக்காரு. அவுக வெளிய கிளம்புனா நீயும் கூடவே போ" என்று அம்மா எனக்கு உத்தரவு போட்டிருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, அடிக்க வருவது மாதிரி முறைத்தாள். மற்ற பிள்ளைகள் வேப்பமரத்தடியில் பாண்டி ஆடும்போது, நான் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு வாய்ப்பாடு படித்தேன். அந்த முதுகு ஏறி இறங்குகிறதா என்று நடுநடுவே பார்த்துக்கொள்வேன்.

வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு பானை விதை. வாயைச் சாணி வைத்து மெழுகி, அடுப்படி மூலையில் உயரத்தில் வைத்திருந்தாள் அம்மா. ரேஷன் அரிசிக் கஞ்சியே கதி என்று நாங்கள் இருந்தபோதும் அதை அவள் தொடவில்லை. ஒருநாள் அப்பா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த வெதையக் குத்திக் கஞ்சி காச்சிரு. மண்ணுல போட்டு மட்டும் என்னத்தக் கண்டோம்." அம்மா உள்ளே போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். புரட்டாசி முடிவதற்குள் அந்தப் பானை காட்டுக்குப் போகாவிட்டால் இந்த மனுஷர் இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று அவளுக்குப் பயம். அவள் பயந்ததால் நானும் பயந்தேன்.

இந்த நேரத்தில்தான் மாமா ஒருநாள் தொப்பலாக நனைந்து வந்து வாசலில் நின்றார். கையில் குடை, அதிலும் தண்ணீர் சொட்டியது. எங்கள் ஊரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"மச்சான், சரக்குப் போட வீரசோழன் போனேன். அங்கிட்டு என்னா மழைங்கிறீக! கொட்டு கொட்டுன்னு கொட்டுது. பஸ்ஸே முங்கிப்போகும் போல."

அப்பா திரும்பவில்லை. ஆனால் முதுகு லேசாக அசைந்தது. அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அந்த முதுகை மனப்பாடம் செய்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

சில நாள் கழித்து மாமா மறுபடி நனைந்து வந்தார். இந்தத் தடவை மழை நரிக்குடிவரை நெருங்கி வந்திருந்தது. அப்பா புரண்டு படுத்து, "மேகம் எந்தப் பக்கம் நிக்குது மாப்ள?" என்றார். எத்தனை மாதம் கழித்து அவர் கேட்ட கேள்வி! "தெக்க… இல்ல, கிழக்க" என்று மாமா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சமாளித்தார். அன்றைக்கு அப்பா கஞ்சியை முழுசாகக் குடித்தார்.

எனக்கும் மழை வந்துவிடும் என்று நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கை பஸ் நிறுத்தத்து அடிபம்பில் உடைந்தது. பாத்திரம் கழுவத் தண்ணீர் அடிக்க நான் அங்கே போயிருந்தேன். அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்கும், வாயில் வைக்க முடியாது. அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. வீரசோழன் பஸ் இல்லை, அதற்கு நேர் எதிரே அருப்புக்கோட்டையிலிருந்து வருகிற பஸ். மாமா இறங்கினார், காய்ந்த சுள்ளி மாதிரி. இங்கும் அங்கும் பார்த்துவிட்டுக் குடையை விரித்துப் பம்புக்கு அடியில் வைக்க வந்தவர், மறுபக்கம் குடத்தோடு நின்ற என்னைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

"மாமா, மழையெல்லாம் பொய்யா?"

"பொய்யில்லத்தா. இன்னும் பெய்யல, அம்புட்டுத்தான்." குடையைப் பம்புக்கு அடியில் வைத்துவிட்டு, "வந்தது வந்துட்ட, நாலு அடி அடி. நானே அடிச்சிட்டு நானே ஓடிவந்து நனையிறதுக்குள்ள தாவு தீந்துபோகுது" என்றார்.

நான் அடித்தேன். வேறு என்ன செய்ய? மாமா சட்டையோடு உட்கார்ந்து எருமை மாதிரி நனைந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பொய்யை நம்பி அப்பா விதைத்து, மழையும் வராமல் போனால்? மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினால்? விதைக்காமலே விட்டாலும் அதே சுவர்தானே?

வீட்டில் அன்றைக்கு மழை திருச்சுழி எல்லையைத் தொட்டுவிட்டதாக மாமா அறிவித்தார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மாட்டிக்கொண்ட பதற்றத்தில் வாசல் ஆணியில் மாட்டிய குடையை மறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், கறுப்புக் குடைத் துணி முழுவதும் தேமல் மாதிரி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மழைத் தண்ணீர் எந்தக் காலத்தில் உப்புப் பூத்தது? எனக்கு உயிரே போய்விட்டது. பாவாடை நுனியை எச்சிலில் நனைத்து அவசரமாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது பரவியதே தவிரப் போகவில்லை. திரும்பினால் அப்பா நிற்கிறார்.

குடையை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு விரலால் துணியைத் தடவினார். அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குடையைப் பழையபடி ஆணியில் மாட்டினார். உள்ளே பார்த்து அம்மாவிடம், "வெதைப் பானைய எறக்கு. பக்கத்து வீட்ல மாடு கேட்டுட்டு வாரேன்" என்றார்.

மழை அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் வந்தது, தாமதமாகத்தான். எறும்பு கொண்டுபோனது போக மிச்சம் முளைத்தது, அரை விளைச்சல். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது விதைத்த அன்றைக்கு நடந்ததுதான். வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. தண்ணீர்ச் செம்போடு அப்பாவின் பின்னாலேயே போன எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, மழை எங்கயுமே பெய்யலப்பா."

"தெரியும்த்தா."

"பின்ன எதுக்கு வெதைக்கிறீக?"

அப்பா ஒரு கை விதையை அள்ளிப் புழுதியில் வீசிவிட்டுச் சொன்னார்: "கடையப் பூட்டிப் போட்டுட்டு உங்க மாமன் இன்னும் எத்தன தடவத்தான் நனைஞ்சுக்கிட்டு வருவான்?"

நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. மாமா ஏற்கெனவே தும்மிக்கொண்டுதான் பஸ் ஏறினார். இன்னொரு தடவை நனைந்தால் காய்ச்சல் வந்து படுத்துவிடுவார் என்றுதான் அப்பா அந்த வெயிலில் விதைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.