பக்கத்து லாஞ்சின் சங்கு

அப்பா இறந்து பதினேழு நாள் ஆகிறது. பெயர் முக்லேசுர். ஐந்தடி இரண்டங்குலம். டாக்காவின் சதர்காட் படகுத்துறையில் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்தார். லாஞ்சின், அதாவது ஆற்றில் ஓடும் பயணிகள் கப்பலின், பக்கவாட்டில் தீட்டிய வெள்ளைக் கோடு தண்ணீருக்குள் போயிருந்தால் லாஞ்சு கிளம்பக்கூடாது. அதைப் பார்ப்பதுதான் அவர் வேலை.

ஒரு பக்ரீதுக்கு இரண்டு நாள் முன்பு, மதியம். பாரிசால் போகும் லாஞ்சில் அம்மாவும் நானும் இடம் பிடித்திருந்தோம். நான் கப்பல் கட்டும் பொறியியலில் கடைசி வருடம். அப்பா தோணியில் சுற்றிவந்து பார்த்தார். கோடு ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது. கூரையிலும் ஆட்கள். பாதிப் பேர் இறங்கவேண்டும் என்று ஒலிபெருக்கியில் கத்தினார். எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள், அம்மா உட்பட.

லாஞ்சு ஓட்டும் சாரங்கு இத்ரிஸ் பாக்கு மென்றபடி எட்டிப் பார்த்தார்.

"பண்டிகைக்கு ஊருக்குப் போறவன் ஏறின லாஞ்சை விட்டு இறங்குவானா, சாஹிப்? ஒருத்தன் இறங்கட்டும், நான் தாடியை எடுத்துடறேன்."

போன வருடம் ஒரு லாஞ்சைத் தடுத்தபோது பயணிகளே கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போதும் இரண்டு பேர் கயிற்றருகே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா வாதாடவில்லை. பக்கத்தில் இன்னொரு பாரிசால் லாஞ்சு காலியாக நின்றது; மாலையில்தான் கிளம்பும். கூட்டம் ஒரு பக்கம் ஓடினாலும் சாயாதபடி இரண்டையும் சேர்த்து இறுகக் கட்டச் சொன்னார். பிறகு அந்தக் காலி லாஞ்சின் சங்கை மூன்று முறை ஊதவைத்தார். மூன்று சங்கு என்றால் கிளம்புகிறது.

சதர்காட்டில் எது முதலில் கிளம்புகிறதோ அதுதான் நம் லாஞ்சு. மூட்டை, பாய், ஆடு, மாமியார் எல்லாம் ஓரக் கம்பியைத் தாண்டிக் காலி லாஞ்சுக்குப் போயின. அப்பா தோணியில் நின்று கோட்டையே பார்த்தார். வெள்ளை தெரிந்ததும் கையைத் தூக்கினார். துறைப் போலீஸ்காரர்கள் கம்பியை மறித்தார்கள்.

அதற்குள் அம்மாவும் சாப்பாட்டுத் தூக்கோடு தாண்டிவிட்டிருந்தார். நான் இந்தப் பக்கம்.

"உங்க வீட்டம்மாவுமா, சாஹிப்?" என்றார் இத்ரிஸ்.

"அவ இறங்கினப்புறம்தானே கோடே தெரிஞ்சுது."

இந்தப் பேச்சு அம்மாவுக்கு முன்பே பாரிசால் போய்ச் சேர்ந்தது. லாஞ்சு இரண்டும் பத்திரமாகத்தான் வந்தன. அம்மா அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை. ஒருவர் இறங்கினால் கோடு மயிரிழைகூட உயராது என்று அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு சரிதான், ஆனால் அம்மாவை நீ எடைபோட்டுப் பார்க்கவில்லையே என்றார்.

இப்போது துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா விளக்கம் சொல்கிறார்.

"கடைசியா தாண்டினது நான் இல்ல. எனக்குப் பின்னாடி ஒரு ஆடு வந்துச்சு. அவர் அதைச் சொல்லவே இல்ல."