புருவத்தில் பஞ்சு

எங்கள் லைன் வீட்டில் பக்கத்து அறை அக்காவிடம்தான் டிவி இருந்தது. கேபிளில் வாரம் ஒரு கதையாக வரும் விஞ்ஞானத் தொடரை ஞாயிறுதோறும் அங்கே பார்ப்போம். ஒரு வாரம், மனிதர்களை வாழவிடலாமா என்று சோதிக்க வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவன் வந்தான். தலை, புருவமெல்லாம் வெள்ளைத் தூசி.

“ஏங்கண்ணு, நிட்டிங் கம்பெனில இருந்து நேரா வர்றானாட்ட இருக்குது,” என்றார் அக்கா.

ஊரே துப்பாக்கியோடு அவனைச் சூழ்ந்தது. பூமி தேறாது என்று சொல்லிவிட்டு அவன் வானேறிப் போனான்.

அக்காவுக்குக் கோபம். “வந்தவனுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்களா? வேறென்ன சொல்லிப்போட்டுப் போவான்?”

மறுநாள், பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு வந்தேன். மிஷின் இரைச்சல் காதை விட்டுப் போகாமல், தெருவில் மிதப்பதுபோல இருந்தது. வாசலில் நின்ற அக்கா சொம்பை நீட்டினார்.

“குடி கண்ணு.”

குடித்துக்கொண்டே, பூமியை விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்தேன்.