வேன் அங்கிளின் பெருந்தமனி

திரையில் துடித்துக்கொண்டிருந்த அந்தக் கறுப்பு வட்டத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். அது யாருடைய வயிறு என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். ஈப்போவில் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பெயரைச் சரிபார்ப்பேன், படுக்கச் சொல்வேன், விளக்கைக் குறைப்பேன். முகங்கள் மனதில் தங்குவதில்லை. அன்று அந்த மனிதரைப் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். கல் இல்லை. கருவியை வயிற்றின் நடுவுக்கு நகர்த்தியபோது, இதயத்திலிருந்து கீழே இறங்கிவரும் பெருந்தமனி தெரிந்தது. கட்டை விரல் அளவு இருக்க வேண்டிய குழாய் ஓர் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு உப்பியிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் சுவர் விரிந்து சுருங்கியது. நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, படுத்திருந்தவர், "பாப்பா, நீ மேட்டு லயத்துப் பிள்ளதான? வண்டில ஏறினாலே வாந்தி எடுக்குமே," என்றார்.

அவர் எங்கள் வேன் அங்கிள். தாளில் இருந்த பெயர் எனக்கு ஒன்றையும் சொல்லவில்லை, ஏனென்றால் ஆறு வருடம் அவர் வண்டியில் பள்ளிக்குப் போய்வந்த எனக்கு அவர் பெயரே தெரியாது. கோலா கங்சார் போகும் பழைய சாலையை ஒட்டி எங்கள் தோட்டம் இருந்தது. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருந்தோம். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார்கள். வாசலில் ஹாரன் கேட்டால் நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வளைவுகளில் எனக்குக் குமட்டும் என்பதால் கதவோரம் என்னை உட்காரவைப்பார். உப்பும் புளிப்புமான உலர்ந்த, அசாம் பொய் என்னும் பழத்தை ஒரு டப்பாவில் வைத்திருப்பார். குமட்டும் பிள்ளைக்கு ஒன்று. அழும் பிள்ளைக்கும் ஒன்று. வண்டிக்குள் அவர் ஒருநாளும் சிகரெட் பற்றவைத்ததில்லை. பள்ளி மணி அடிக்கும்வரை வேலிக்கு வெளியே மர நிழலில் நின்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஊதுவார். எங்களைக் கண்டதும் மிதித்து அணைத்துவிட்டுக் கதவைத் திறப்பார்.

திரையில் கண்டதை நோயாளியிடம் நாங்கள் சொல்லக் கூடாது. மருத்துவரை அழைத்துவந்தேன். அவர் தமிழ் தெரியாதவர். தான் சொல்வதை என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். வயிற்றுக்குள் இருக்கும் பெரிய ரத்தக்குழாயின் சுவர் மெலிந்து உப்பியிருக்கிறது, வலி இல்லாததால் இவ்வளவு நாள் தெரியாமல் இருந்திருக்கிறது, வெடித்தால் பெரும்பாலானவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்வதில்லை என்று சொன்னேன். எனக்கு வாந்திப் பை பிடித்த மனிதரிடம் இதைச் சொல்ல நேர்ந்ததே என்று நினைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எவ்ளோ பெருசு?"

"ஆரஞ்சு அளவு அங்கிள்."

"லிமாவ் பாலி அளவுக்கு வரலயே. பரவால்ல." ஈப்போவில் சாலையோரம் தொங்கவிட்டு விற்கும் பெரிய பம்பளிமாஸைச் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "டயர் ஓரத்துல வீங்கி நிக்குமே, அந்த மாதிரிதான?"

"அதே மாதிரிதான்."

"அப்ப நான் வண்டி எடுக்க முடியாதுலா. அந்த மாதிரி டயர வச்சிக்கிட்டு நான் பிள்ளைங்கள ஏத்தினதில்ல."

வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லவிருந்தார். அதற்குமுன் அவரே சொல்லிவிட்டார். வேன் வெளியே வெயிலில் நின்றது. பள்ளி விடும் நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரை அன்றே வார்டில் சேர்க்க வேண்டும் என்றார்கள். அவர் கேட்டது ஒரே ஒரு போன் பேச நேரம். அதே சாலையில் இன்னொரு பள்ளிக்கு வேன் ஓட்டும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவருக்குப் பேசினார்; மலாயில் மாமா என்ற பொருளில் எல்லோரும் அவரைப் பாக்சிக் என்பார்கள். இருவருக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சந்திப்பில் இருந்த நிழலான இடத்தில் யார் வண்டியை நிறுத்துவது என்பதில் வந்த பிணக்கு. மலாயில் நான்கைந்து வார்த்தைதான் பேசினார். போனை வைத்துவிட்டு, "எல்லாரையும் கொண்டுபோய் விட்டுர்றேன்னு சொல்லிட்டாரு. என்னா ஏதுன்னுகூட கேக்கல," என்றார். அதன் பிறகுதான் மனைவிக்குப் பேசினார்.

ஆண்ட்டி வந்ததும் அறுவை வேண்டுமா வேண்டாமா என்று இருவருக்கும் சண்டை தொடங்கியது. சத்தம் போடாத சண்டைதான், ஆனால் பல நாள் நீடித்தது. ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி, நிதானமாகப் பேசுபவர். இந்த வீக்கத்துக்கு இரண்டு வழி உண்டு என்று விளக்கினார். ஒன்று, தொடை மடிப்பில் சின்னதாகக் கீறி, தமனி வழியாகவே ஒரு ஸ்டென்ட்டை ஏற்றி, வீங்கிய இடத்துக்குள் விரித்துவிடுவது. ஆள் சீக்கிரம் எழுந்து நடப்பார். இன்னொன்று, வயிற்றைத் திறந்து, வீங்கிய பகுதிக்குள் துணியாலான குழாயை வைத்துத் தைப்பது. சிடி ஸ்கேன் படத்தைப் பார்த்தபோது முதல் வழி அடைபட்டுவிட்டது. வீக்கம் சிறுநீரகக் குழாய்களுக்கு மிக அருகிலேயே தொடங்கியிருந்தது. ஸ்டென்ட் பிடித்துக்கொள்ள அங்கே நல்ல சுவர் இல்லை. வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும், அதில் உயிருக்கும் ஆபத்து உண்டு என்று அந்த மருத்துவர் மறைக்காமல் சொன்னார்.

அன்று நான் சாப்பிடப் போகும்போது ஆண்ட்டி நடையில் என்னை நிறுத்தினார். கையில் அங்கிளின் சட்டை இருந்தது.

"நீதான மொதல்ல பாத்த? நெசமாவே இருக்கா?"

"இருக்கு ஆண்ட்டி."

"ஒரு வலி இல்ல. இங்க வர்றதுக்கு மொத நாள்கூட காய்கறி மூட்டய தூக்கினாரு. நல்லா நடக்கிற மனுஷன படுக்கவச்சு வயித்த கிழிக்கணுமா? உங்கப்பாவா இருந்தா நீ விடுவியா?"

என் அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அதை ஆண்ட்டியிடம் சொல்லியும் இருந்தேன், கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது போல என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் உண்மையைச் சொன்னேன்: "விடுவேன். ஆனா பயந்துகிட்டேதான் விடுவேன்." அந்தப் பதில் அவருக்கு உதவியதா என்று தெரியாது. சட்டையை மடித்துப் பையில் வைத்தார். அடுத்த நாள் அங்கிள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் நின்றார்.

அங்கிளுக்கு ஒரே தம்பி. தெலுக் இந்தானில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அண்ணனைவிடக் குள்ளம், அண்ணனைவிடச் சத்தம், அண்ணனைப் போலவே சிகரெட். மருத்துவமனையில் நின்ற வேனை வீட்டுக்கு ஓட்டிப்போக வந்தவர், அறுவை நாளன்று லீவு போட்டுவிட்டு மறுபடியும் வந்தார். காலையில் உள்ளே கொண்டுபோனவரைப் பிற்பகலில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். வயிற்றில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொன்னதும் தம்பி வாசலுக்குப் போய்ப் புகைத்துவிட்டு வந்தார். ஆண்ட்டி அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

ஆனால் மறுநாள் இடது கால் குளிர்ந்துவிட்டது. இப்படி நடக்கக்கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். வீங்கிய தமனியின் உட்சுவரில் பழைய ரத்தம் உறைந்து படிந்திருக்கும். அதில் ஒரு துணுக்கு கீழே இறங்கிக் காலின் குழாயை அடைத்துவிடலாம். பாதம் மெழுகு போல வெளுத்தது, விரல்களை அசைக்க முடியவில்லை. மறுபடியும் அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். முனையில் சிறு பலூன் உள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறைந்த ரத்தத்தை இழுத்தெடுத்தார்கள். அதுவும் போதவில்லை. வருடக்கணக்கான புகை முழங்காலுக்குக் கீழே இருந்த குழாய்களை ஏற்கெனவே கடினமாக்கி அடைத்திருந்தது. கடைசியில் வலது காலிலிருந்து ஒரு ரத்தநாளத்தை எடுத்து, இடது தொடையிலிருந்து கணுக்கால்வரை ரத்தம் போக மாற்றுப் பாதை போட்டுத் தைத்தார்கள். ரத்தம் பாதத்துக்குப் போய்ச் சேராவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆண்ட்டியிடமும் தம்பியிடமும் சொன்னார்கள்.

அந்த வாரம் வேலை முடிந்ததும் நான் வார்டுக்குப் போவேன். தம்பி கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பாதத்தின் மேல் எந்த இடத்தில் துடிப்பைத் தொட்டுப் பார்க்கலாம் என்று தாதி அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். பேனாவால் அங்கே ஒரு புள்ளியும் வைத்திருந்தார்கள். லோரி ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன விரலை அந்தப் புள்ளியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். பிறகு, "மிஸ்ஸி, ஓடுது," என்று தாதிக்குக் குரல் கொடுப்பார். வார்டில் எல்லோருக்கும் கேட்கும். அங்கிள் மயக்கமும் விழிப்புமாக இருந்துகொண்டே, "கத்தாதடா, ஆளுங்க தூங்குறாங்க," என்பார். கால் தப்பித்தது. சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் கறுத்துக் காய்ந்து போயின, அவற்றை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு நடந்ததை ஆண்ட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். புண் ஆறி, தடியில்லாமல் நடக்கத் தொடங்கியதும், அங்கிள் ஒருநாள் காலையில் வேனுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறார். கிளட்சை மிதிப்பது இடது கால். மிதித்தார், கால் அழுந்தியது. ஆனால் பிடித்துவைக்க முடியாமல் வழுக்கி மேலே வந்துவிட்டது. மறுபடி மிதித்தார், மறுபடியும் அப்படியே. ஆண்ட்டி வாசலில் துணி காயப்போடுவது போல நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் இறங்கிக் கதவைச் சாத்தினார். "பாக்சிக்கோட மகன் வேன் தேடிக்கிட்டு இருக்கான், அவன வந்து பாக்கச் சொல்றேன்," என்றார். அவ்வளவுதான். வண்டி போன பிறகும் வெகு நாள், பள்ளி விடும் நேரமானால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாராம். எழுந்த பிறகு எதற்கு எழுந்தோம் என்று புரிந்து, தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவாராம். சிகரெட்டை மட்டும் யாரும் சொல்லாமலே விட்டுவிட்டார். விட்ட பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சோத்துக்கு வாசன இருக்குன்னு இப்பதாமா தெரியுது," என்றார்.

காலில் போட்ட மாற்றுப் பாதை அடைபடாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அதனால் இப்போதும் அவர் என் அறைக்கு வருகிறார். எங்கள் தோட்டத்தில் இப்போது லயங்கள் இல்லை. அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பள்ளிக்கு இப்போது பெற்றோரே காரில் கொண்டுபோய் விடுகிறார்கள். இதையெல்லாம் அவர் வருத்தப்பட்டுச் சொல்வதில்லை. "அப்ப ரோடு மோசம், நீங்க வாந்தி எடுத்தீங்க. இப்ப ரோடு நல்லாருக்கு," என்பார். அவர் வருத்தப்பட்டது வேறு ஒன்றுக்கு. இந்த வீக்கம் கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம், தம்பியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தம்பியோ, "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, நான் லோரி ஓட்டுறேன்லா," என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். அதே போலத்தான் நானும் இருந்தேன் என்று இவர் சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை.

சென்ற மாதம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். தனக்குத் துணைக்கு வரச் சொல்லி அங்கிள் அழைத்திருக்கிறார். தம்பிக்கும் சேர்த்து மருத்துவரிடம் முன்பே சீட்டு எழுதி வாங்கியிருந்தது தம்பிக்குத் தெரியாது. என் அறை வாசலில் வைத்துத்தான் சொன்னார். "நீ படு. நீ முடிச்சாத்தான் நான் படுப்பேன்."

"ஏண்ணே இப்படி பண்றீங்க? வயசான காலத்துல இதெல்லாம் சுசாலா, வீண் தொல்ல."

"படுடா."

தம்பி முனகிக்கொண்டே சட்டையைத் தூக்கிவிட்டுப் படுத்தார். அங்கிள் வெளியே போகாமல் கால்மாட்டில் நின்றார். நான் விலா எலும்புக்குக் கீழிருந்து தொடங்கித் தொப்புளைத் தாண்டிக் கீழே வரை கருவியை நகர்த்தினேன். தமனி ஒரே அளவில், ஒடுக்கமாக, நேராக இறங்கியது. மருத்துவர் வந்து படங்களைப் பார்த்து, ஒன்றும் இல்லை, சொல்லிவிடு என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

"நல்லா இருக்கு அங்கிள். வீக்கம் இல்ல."

தன்னுடைய வயிற்றைப் பற்றிச் சொன்னபோது பம்பளிமாஸ் என்று சிரித்த மனிதர் இப்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ பாருமா."

அது தேவையில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனாலும் நான் மறுபடி மேலிருந்து தொடங்கி, முன்பைவிட மெதுவாக, கீழே வரை கொண்டுபோனேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு," என்றேன்.

அவர் நொண்டி நடந்து வந்து, என் மேசையிலிருந்த டிஷ்யூவைக் கொத்தாக உருவி, தம்பியின் வயிற்றில் பூசியிருந்த ஜெல்லைத் துடைக்கத் தொடங்கினார்.

"விடுங்கண்ணே, நான் தொடச்சிக்கிறேன். சின்னப் பிள்ளையா நானு?"

"சும்மா படு," என்றார் அங்கிள். வயிறு காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.