மலிவான கிருபை

எனக்கு எழுபத்தைந்து வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன்.

திண்டிவனத்தில் சம்பந்தி வீட்டு ஜெபக்கூட்டத்தில், வெளிநாட்டு வேதபண்டிதர் ஒருவர் எழுதியதைப் பாஸ்டர் விளக்கினார்: "மலிவான கிருபை நமக்கு வேணாம்."

நான் எழுந்துவிட்டேன். "என் மருமவ கிருபைய மலிவுன்னு யாருங்க சொன்னது?"

கூடமே சிரித்தது. கடவுளின் இரக்கத்தைக் கத்தோலிக்கர் நாங்கள் அருள் என்போம்; கிருபை என்றால் எனக்கு மருமகள்தான்.

"பேரு இல்லம்மா," என்றார் பாஸ்டர். "திருந்தாமலே மன்னிப்பு கெடைச்சிட்டதா நெனைச்சிக்கினு இருக்கறது."

இது என்ன புதுசு என்று விழுப்புரம் வரும்வரை பஸ்ஸில் யோசித்தேன். கிருபையை 'அல்லேலூயாக்காரி' என்று ஏசுவேன், கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்குவேன், மறுநாளும் ஏசுவேன். அவளிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை.

கேட்க இன்னும் வாய் வரவில்லை. அதனால்தான் எழுத்துக்கூட்டி இதை எழுதிப் பேத்தியிடம் நீட்டுகிறேன்.

"பாப்பா, இதப் படிச்சிக் காட்டு. அடுப்பாண்ட நிக்கற உங்கம்மாவுக்குக் கேக்கறாப்புல, சத்தமா."