ஒயர் சொருகாத பேஸ் கிட்டார்

இன்று காலை பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"போன வாரம் செட்டிகுளம் கச்சேரில பேஸ் கிட்டார் வாசிச்சது நீங்கதான சார்? அந்த டோன் நெஞ்சுல வந்து இடிச்சுச்சுங்க. அப்படி ஒரு பேஸை நான் கேட்டதே இல்ல."

நன்றி சொன்னேன்.

அன்று என் கிட்டாரில் ஒயரே சொருகவில்லை. "பேஸை கீபோர்டுலயே வாசிச்சுக்கறோம். நீங்க கிட்டாரை மாட்டிக்கிட்டு நின்னா போதும், மேடை நெறைஞ்சாப்ல இருக்கும்" என்று ட்ரூப் ஓனர் சொல்லிவிட்டார். இரண்டரை மணி நேரம் சத்தமில்லாத கம்பியில் விரலை ஓட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ன ஸ்ட்ரிங் போடுறீங்க சார்?" என்றார்.

வாங்கிய கடை வரைக்கும் சொன்னேன்.

பதினெட்டு வருடம் ஒயர் சொருகி வாசித்தவன் நான். டோனைப் பற்றி ஒருவர்கூட வாய் திறந்ததில்லை.

நல்ல ஒயர், இருபதடி நீளம். துணி காயப்போடக் கொடி கட்ட யாருக்காவது வேண்டுமா?